கொரியம் கற்கத் தமிழே வாயில்

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பகுதி மக்களுக்குக் கடல்கடந்த மொழி புதிதன்று. பிழைப்புத் தேடி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய அவர்தம் முன்னோர், மலாய் மொழியையும் பர்மிய மொழியையும் எந்தப் பள்ளியிலும் அமர்ந்து கற்றாரல்லர். கடைத்திண்ணையிலும் தோட்டத்திலும் நின்று, காதாற் கேட்டு, வாயாற் சொல்லி, தவறினால் நகைப்புக்கு ஆளாகி, மீண்டும் சொல்லி, கொடுக்கல் வாங்கல் பேசும் அளவுக்கு அம்மொழிகளைக் கைக்கொண்டனர். அவர்களுட் பலர்க்கு ஆங்கிலத்திற் கையெழுத்திடவும் தெரியாது. அவ்வறியாமை, வேறொரு மொழியை அவர்கள் அறிவதற்குத் தடையாக நிற்கவில்லை.

அவர்தம் வழிவந்த பிள்ளைகள் இன்று கொரிய மொழியைக் கற்க விழைகின்றனர். கொரியத் தொடர்களும் பாட்டுகளும் கைப்பேசி வழியே சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன. 1996-இல் நிறுவப்பெற்று 1998-இல் மகிழுந்து செய்யத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை ஊண்டாய்த் தொழிலகமும், அதனையடுத்துத் திருப்பெரும்புதூர்ச் சுற்றில் எழுந்த பிற கொரியத் தொழிலகங்களும் இளைஞர் பலரை ஈர்க்கின்றன. சென்னையில் இன்கோ எனப்படும் இந்திய–கொரியப் பண்பாட்டு நடுவம் 2006 முதல் இயங்கி வருகிறது; ஆங்குக் கொரிய வகுப்புகளும் நடைபெறுகின்றன. ஆனால் சென்னையில் தங்கிக் கற்கும் வாய்ப்பில்லாத அறந்தாங்கி மாணவனுக்கும் மாணவிக்கும் எளிதிற் கைக்கெட்டுவன, கைப்பேசியும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற பாடங்களுமே.

கேடு இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்வழியிற் பயின்ற அப்பிள்ளையைப் பார்த்து, "உனக்கு ஆங்கிலமே தடுமாற்றம், முதலில் அதைக் கற்றுக்கொள், பிறகு கொரியம் பார்க்கலாம்" என்று அறிவுரை கூறுவார் உளர். பிள்ளையும் அதனை உண்மையென்று நம்பி, தனக்கு அயல்மொழிக் கதவே அடைபட்டதாகக் கருதி ஒதுங்கிவிடுகிறது. இவ்வறிவுரை முற்றிலும் பிழைபட்டது. கொரியத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலம் ஒன்றையே அறிந்தவனைவிடத் தமிழிலக்கணத்தைச் செவ்வையாகக் கற்றவன் பல காதம் முன்னே நிற்கிறான். எது பயன்படும் முறை, எது பயன்படா முறை என்னும் ஆராய்ச்சி அனைத்தும் இவ்வோர் உண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

"நாநுன் பபுல் மொகொத்தா" என்பது ஒரு கொரியத் தொடர். 'நான் சோற்றை உண்டேன்' என்பது அதன் பொருள். 'நா' என்பது நான். அதன்பின் வரும் 'நுன்' ஓர் இடைச்சொல். 'பப்' என்பது சோறு. 'உல்' என்பது இரண்டாம் வேற்றுமை உருபு. 'மொக்' என்பது உண் என்னும் முதனிலை. 'ஒத்' இறந்தகால இடைநிலை. 'தா' தொடரை முடிக்கும் ஈறு. தமிழாசிரியர் கரும்பலகையில் 'உண்டேன்' என்னும் சொல்லை முதனிலை, இடைநிலை, ஈறு எனப் பிரித்துக் காட்டுவாரே, அதே பிரிப்புத்தான் இது. சொற்கள் நிற்கும் வரிசையும் அதுவே. 'பப்' என்பதன் ஈற்று மெய்யின்மேல் 'உல்' என்பதன் உயிர் ஏறிப் 'பபுல்' என ஒலிப்பதும், தமிழ் + இனிது என்பது தமிழினிது என ஒலிப்பதும் ஒரே புணர்ச்சி.

ஆங்கிலவழிப் பாடமோ இவ்வொரு தொடரை விளங்கவைக்கப் பெரும்பாடு படுகிறது. வினைச்சொல் இறுதியில் வருமாம். பெயரின் பின்னே ஒட்டுகள் வருமாம். எழுவாயை விட்டுவிட்டும் பேசலாமாம்! ஆங்கிலேயனுக்கு இவை வியப்பே. தமிழ்ப்பிள்ளை இவற்றை ஏன் வியக்கவேண்டும்? தன் தாய்மொழி வரிசையைத் தலைகீழாக்கி ஆங்கிலமாக்கி, அவ்வாங்கிலத்தை மறுபடியும் தலைகீழாக்கிக் கொரியமாக்கும் வீண்வேலையில் அப்பிள்ளை இறக்கிவிடப்படுகிறது. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயிலுக்குப் போகவேண்டியவனைத் திருச்சிராப்பள்ளி வழியே அனுப்பிவைப்பது போன்றது இது.

வேற்றுமையிலும் வினையெச்சத்திலும் துணைவினையிலும் இவ்வொப்புமையின் வளம் மேலும் விளங்கும். தமிழில் 'உண்டு பார்' என்கிறோம். இங்கே பார்த்தலுக்குக் கண்ணோடு தொடர்பில்லை. முயன்று அறிதலே பொருள். கொரியத்தில் 'மொகொ பொதா' என்பர். 'பொதா' என்பது பார்த்தல் வினையே! இவ்வாறே 'எழுதிக் கொடு' என்பதற்குக் கொடுத்தல் வினையையும், 'எழுதி வை' என்பதற்கு வைத்தல் வினையையும், 'மறந்துவிடு' என்பதற்கு எறிந்துவிடுதல் எனப் பொருள்படும் வினையையும், 'உண்டுகொண்டிரு' என்பதற்கு இருத்தல் வினையையும் கொரியர் துணைவினையாக வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சுற்றுவழி தேடவேண்டும். தமிழன் தன் வீட்டுப் பேச்சிலுள்ள துணைவினைகளை ஒரு பக்கத்திலும் அவற்றிற்கு நேரான கொரிய வினைகளை மறுபக்கத்திலும் எழுதிக்கொண்டால், மாதக்கணக்கில் மனப்பாடம் செய்யவேண்டியதைச் சில நாள்களில் முடித்துவிடலாம்.

பெயரெச்சமும் அத்தகையதே. 'மொங்நுன் சாராம்' என்றால் உண்கின்ற ஆள். 'மொகுன் சாராம்' என்றால் உண்ட ஆள். 'மொகுல் சாராம்' என்றால் இனி உண்ணவிருக்கும் ஆள். முக்காலமும் எச்சத்திலேயே அடங்கி, பெயருக்கு முன்னே நிற்கின்றன. ஒருவர் சொன்னதை எடுத்துரைக்க 'என்று' என்னும் இடைச்சொல் தமிழில் நிற்கும் இடத்தில் கொரியத்திற் 'கோ' என்பது நிற்கும். 'எனக்குப் பணம் இருக்கிறது' என நான்காம் வேற்றுமையும் இருத்தல் வினையும் கொண்டு கூறும் வழக்கமும் ஆங்கு உண்டு. தமிழ்நாட்டில் மழை 'வருகிறது'. கொரியாவிலும் மழை 'வருகிறது'. விளிவேற்றுமைக்குத் தனி உருபும் உண்டு. நண்பனைப் பெயர் சொல்லி அழைக்கையில் உயிரீற்றின் பின் 'யா' என்றும் மெய்யீற்றின் பின் 'ஆ' என்றும் சேர்ப்பர்.

சுட்டுச்சொற்கள் தனியே நோக்கத்தக்கன. தமிழுக்கு அ, இ, உ என்னும் மூன்று சுட்டுகள். தமிழ்நாட்டார் உகரச்சுட்டைப் பேச்சில் இழந்தனர். யாழ்ப்பாணத் தமிழரோ 'உது', 'உவன்' என இன்றும் கேட்போன் பக்கத்திலுள்ளதைச் சுட்டப் பயன்படுத்துகின்றனர். கொரியத்திலும் சுட்டு மூன்று: பேசுவோன் அருகிலுள்ளதற்கு ஒன்று, கேட்போன் அருகிலுள்ளதற்கு ஒன்று, இருவர்க்கும் சேய்மையிலுள்ளதற்கு ஒன்று. அண்மைச்சுட்டு அங்கும் 'இ' என்பதே. இரண்டே சுட்டுகளைக் கொண்ட ஆங்கிலத்தின் வழியே இதனைக் கற்போன் தடுமாறுகிறான். ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கோ இதில் விளக்கமே தேவையில்லை.

இத்துணை ஒப்புமையையும் கண்டவுடன், கொரியம் தமிழின் மகள் என்று பறையறைவார் தமிழருள் மலிந்துவிட்டனர். அவர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். கொரியத்தையும் திரவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓமர் அல்பெர்ட்டு என்னும் அமெரிக்கர் 1905-இல் ஓர் ஒப்பிலக்கணம் வெளியிட்டார். அது மதிக்கத்தக்க முயற்சி. ஆயினும் பிறப்புறவு உண்டென்பதை இன்றைய மொழியியலார் ஏற்கவில்லை. வினை இறுதியில் வருதலும் உருபுகள் ஒட்டுதலும் சப்பானியம், மங்கோலியம், துருக்கியம் ஆகியவற்றிலும் உண்டு. 'அம்மா', 'அப்பா' போன்ற மழலைச் சொற்கள் உலகின் பல மொழிகளிலும் ஒலிப்பன. கடல்கடந்து கொரியாவுக்கு வந்த அரசி ஒருத்தியைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலொன்று கூறும் கதை, கதையேயன்றி மொழிச்சான்று ஆகாது. தமிழின் பெருமைக்கு இத்தகைய கடன்சான்றுகள் தேவையில்லை; கற்றலுக்கும் அவை தேவையில்லை. உறவு இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் அமைப்பு ஒத்திருப்பது மெய். கற்போனுக்குப் பயன்படுவது அவ்வமைப்பே.

மேலும், ஒப்புமையில் மயங்குவோர்க்கு இடறும் கற்கள் பல உள. பெண்ணொருத்தி தன் தமக்கையை 'ஒன்னி' என்று அழைப்பாள். அதைக் கேட்டதும் அண்ணியென்று கொள்வது தமிழர்க்கு இயல்பாய் நேரும் பிழை. கொரியத்தில் அழைப்போர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் முறைப்பெயர் மாறும். தமையனை ஆண்மகன் அழைக்கும் சொல் வேறு, பெண்மகள் அழைக்கும் 'ஒப்பா' வேறு. தமக்கையை ஆண்மகன் 'நூனா' என்பான். முன்பின் அறியாதவரையும் அண்ணன் என்றும் அக்காள் என்றும் அழைத்துப் பழகிய தமிழ்ப்பிள்ளைக்கு இம்முறையின் உள்ளம் எளிதில் விளங்கும். சொற்களை மட்டும் கருத்தாகக் கற்றல் வேண்டும். வினைமுற்றில் ஏன், ஆய், ஆன் என இடமும் பாலும் காட்டும் ஈறுகள் கொரியத்தில் இல்லை. மலையாளம் அவற்றை இழந்து நிற்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். அதற்கு மாறாக, மதிப்புக் காட்டும் இடைநிலை முதனிலைக்கும் கால இடைநிலைக்கும் நடுவே வந்து அமரும். தமிழில் 'உண்டார்' என்பதன் இறுதியிலுள்ள மதிப்பு, கொரியத்தில் வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று கொள்க.

மெய்யான கடுமை எழுவாயில் உள்ளது. தமிழில் எழுவாய்க்கு உருபில்லை. கொரியத்தில் 'இ', 'கா' என்பன எழுவாயைக் காட்டும். மேலே கண்ட 'நுன்' என்பதும் அதன் மாற்றுவடிவமாகிய 'உன்' என்பதும் பேசுபொருளைக் காட்டும். இவ்விரண்டின் வேறுபாட்டில் ஆங்கிலவழியிற் கற்போர் ஆண்டுக்கணக்கில் உழல்கின்றனர். "அண்ணன் வந்தான், தம்பியோ வரவில்லை" என்னும் தொடரிலுள்ள ஓகாரத்தை நினைவிற் கொண்டால் 'நுன்' பெரும்பாலும் விளங்கிவிடும். "யார் செய்தது?" என்னும் வினாவுக்கு "நான்தான் செய்தேன்" என்று விடை சொல்லும்போது வரும் அழுத்தம் 'கா' என்பதற்கு உரியது. எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது. எனினும் தொடங்குவோனுக்கு இதைவிடச் சிறந்த கைவிளக்கு ஆங்கில நூல்களிற் காணப்படவில்லை.

இனி, எழுத்து. கொரியம் கற்கத் தமிழ் வாயிலே ஒழிய, தமிழ் நெடுங்கணக்கு கொரியத்தை எழுதுதற்கு உரியதன்று. 'நிலா', 'மகள்', 'முகமூடி' எனப் பொருள்படும் மூன்று கொரியச் சொற்களையும் தமிழில் எழுதினால் 'தால்' என்னும் ஒரே வடிவமே வரும். கொரியரோ அவற்றை மென்மையாகவும், இறுக்கியும், மூச்செறிந்தும் மூன்று விதமாக ஒலிக்கின்றனர். இதற்காகத் தமிழ் எழுத்தோடு அயலெழுத்துகளைக் கலப்பதும், புள்ளிகளும் கோடுகளும் இட்டு அதனைச் சிதைப்பதும் வேண்டா. முதற்கிழமையிலேயே கொரிய எழுத்தைக் கற்றுவிடுவதே நேரிய வழி. கைப்பேசித் திரையில் ஆங்கில எழுத்தால் எழுதிக் காட்டப்படும் கொரியத்தை அறவே விலக்குதல் வேண்டும். அதில் ஊறிய நாவை மீட்பது பெரும்பாடு.

கொரிய எழுத்து அஞ்சத்தக்கதன்று. செசோங் மன்னர் 1443-இல் வகுத்து 1446-இல் நாட்டுக்கு அளித்த 'ஆங்குல்' எழுத்து, 28 குறிகளோடு தொடங்கி இன்று 24 அடிப்படை எழுத்துகளோடு நிற்கிறது: மெய் 14, உயிர் 10. ஒலி பிறக்கும் இடத்தில் நாவும் வாயும் பல்லும் தொண்டையும் நிற்கும் நிலையே மெய்யெழுத்துகளின் வடிவம். ககர ஒலிக்கு, அடிநா எழும்பித் தொண்டையை அடைக்கும் தோற்றம். நகர ஒலிக்கு, நுனிநா மேலே ஒற்றும் தோற்றம். மகரத்திற்கு மூடிய வாயின் சதுரம். தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்த மாணவன் இதனைப் பாடமாகக் கற்கவேண்டியதில்லை. ஒரு முறை பார்த்தாற் போதும். மெய்யும் உயிரும் கூடி ஒரு கட்டமாக நிற்பதும் உயிர்மெய் பழகிய கண்ணுக்குப் புதிதன்று. தமிழர் உயிரென்றும் மெய்யென்றும் பெயரிட்டவற்றைக் கொரியர் தாயொலி என்றும் சேயொலி என்றும் வழங்குகின்றனர்.

ஒலிப்பிலும் தமிழர்க்குச் சில ஊதியங்கள் வாய்த்துள்ளன. 'பாக்கு', 'காது' என்பவற்றின் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தை ஒத்த உயிரொன்று கொரியத்தில் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. 'நுன்', 'உல்' என்பவற்றில் வருவது அதுவே. மொழிமுதலில் வன்மையாக ஒலிக்கும் ககரம், மெல்லெழுத்தின் பின் மென்மையுறுவதை 'கல்', 'தங்கம்' என்னும் சொற்களிற் காணலாம். கொரியத்தின் இயல்பான வல்லெழுத்தும் இவ்வாறே மொழியிடையில் மென்மையுறும். நாள் + மலர் 'நாண்மலர்' எனத் திரிவதை அறிந்தவன், மெல்லெழுத்து வரக் கொரியச் சொல்லின் ஈறு மெல்லெழுத்தாவதைக் கண்டு மருளமாட்டான். 'மொக்' + 'நுன்' என்பது 'மொங்நுன்' ஆனது அவ்வகையால்தான். தமிழ்நாட்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்காகவே கற்கப்பட்டு மறக்கப்படும் புணர்ச்சி இலக்கணம், இங்கே உண்மையான கருவியாகிறது.

சொற்களை நினைவிற் பதிக்கும் முறைக்கு வருவோம். நாள்தோறும் இத்தனை சொல் என்று எண்ணிக்கை வைத்துக் கைப்பேசியில் விரலால் தட்டிச் செல்வோர், எண்ணிக்கையை வளர்க்கின்றனரேயன்றி மொழியை வளர்க்கவில்லை. பாவாணர் காட்டிய வேர்ச்சொல் நெறியே இங்கும் கைகொடுக்கும். கொரியத்தில் 'முல்' என்பது நீர். 'நுன்' என்பது கண் (முன் கண்ட இடைச்சொல்லின் வேறானது, இதன் உகரம் முற்றுகரம்). 'நுன்முல்' என்றால் கண்ணீர்! மழையோடு 'முல்' சேர்ந்தால் மழைநீர், கடலோடு சேர்ந்தால் கடல்நீர். சீனத்திலிருந்து வந்து கொரியத்திற் குவிந்துள்ள சொற்களுக்கும் இம்முறை பொருந்தும். 'குக்' என்பது நாடு. 'மிகுக்' அமெரிக்கநாடு, 'சுங்குக்' சீனநாடு, 'குகொ' நாட்டுமொழி, 'குங்மின்' நாட்டுமக்கள். ஒரு வேரைப் பற்றினால் பத்துச் சொல் வரும். சீனச்சொல் எவ்வளவு ஆழமாகப் புகுந்துள்ளது என்பதற்கு அவர்தம் கடிகாரமே சான்று: மணியைக் கொரிய எண்ணாற் சொல்வர், மணித்துளியைச் சீனவழி எண்ணாற் சொல்வர். வடசொற் கலப்பை அறிந்த தமிழர்க்கு இக்காட்சி உள்ளத்தை உறுத்தாமற் போகாது.

கற்கும் ஒழுங்கைப் பற்றி நன்னூலின் பொதுப்பாயிரம் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியரிடம் கேட்பதாற் கிடைப்பது காற்பங்கு. உடன்கற்பாரோடு பயில்வதாற் கிடைப்பது காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதாற் கிடைப்பது எஞ்சிய அரைப்பங்கு. தனியே கைப்பேசியோடு அமர்ந்து கற்போன், இக்கணக்கின்படி முக்காற் பங்கை இழக்கிறான். திண்ணைப் பள்ளியிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்நெறியே. சென்னையில் இம்முறையைக் கண்ட ஆண்ட்ரு பெல் என்பார் 1797-இல் அதனை நூலாக எழுதி இங்கிலாந்தில் பரப்பினார். ஆங்கே அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர். தமிழன் கொடுத்ததைத் தமிழனே மறந்துவிட்டான்! அறந்தாங்கியில் கொரியம் கற்க விழையும் நால்வர் மாலையில் ஓரிடத்திற் கூடி, அன்று கற்றதை ஒருவர் மற்றவர்க்குத் தமிழில் விளக்கி, தொடர்களை உரக்கச் சொல்லி முறைவைத்தால், எந்தப் பயிற்றகமும் தராத பயனை அடைவர். கற்றதை அன்றே ஒரு முறையும், சில நாள் கழித்து ஒரு முறையும், ஒரு திங்கள் கழித்து ஒரு முறையும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதை எபிங்காசு என்னும் செருமானிய அறிஞர் 1885-இல் ஆய்ந்து காட்டினார்.

தொடர்களையும் பாட்டுகளையும் பார்த்தே மொழி வந்துவிடும் என்பது மயக்கம். கீழே ஓடும் ஆங்கில வரியைக் கண் படிக்க, காது உறங்குகிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, எழுத்துவரியை மறைத்துவிட்டு, பத்து முறை கேட்டு, கேட்டதைக் கொரிய எழுத்தில் எழுதிப் பார்ப்பதே பயன் தரும். கொரிய மொழித் திறனறி தேர்வு 1997 முதல் நடைபெறுகிறது. அதன் ஆறு படிகளுள் முதல் இரண்டுக்கு உரிய தேர்வு கேட்டலையும் படித்தலையுமே சோதிக்கிறது. வினாக்கள் கொரியத்திலேயே உள்ளன. ஆங்கிலத்துக்கு அங்கே இடமே இல்லை.

இம்மொழியைத் தம் மூச்சாகக் காத்த மக்களைப் பற்றியும் கற்போர் அறிதல் நன்று. சூ சிகியோங் (1876–1914) என்னும் அறிஞர் கொரியத்தின் இலக்கணத்தைக் கொரியத்திலேயே வகுத்து, தம் பெயரையும் தூய கொரியச் சொல்லாற் புனைந்துகொண்டார். சப்பானியர் ஆட்சி 1938-இல் பள்ளிகளிற் கொரியத்தைக் கட்டாயப் பாடநிலையிலிருந்து தள்ளியது. சென்னை மாநிலப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1942-இல் கொரிய மொழிக் கழகத்தார் சிறைப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாண்டனர். அவர்கள் தொகுத்த பேரகரமுதலியின் கையெழுத்துப் படியும் பறிபோயிற்று. விடுதலைக்குப் பின், 1945 செபுதம்பரில் அது சீயோல் தொடர்வண்டி நிலையக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டு, 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாக அச்சேறியது.

அம்மக்களின் மொழியைத் தமிழர் தம் மொழிவழியே கற்பதற்கு இன்று வேண்டுவது, தொல்காப்பிய நன்னூல் நெறியில் எழுத்து, சொல், வேற்றுமை, எச்சம், துணைவினை என அமைந்த முழுமையான கொரிய இலக்கணம் ஒன்று தமிழில். அறந்தாங்கிக்கு அணித்தே தஞ்சையில் 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையிற் கொரியம் கற்றுத் தேறிய தமிழ் இளைஞர் உளர். பள்ளிதோறும் இலக்கணம் வல்ல தமிழாசிரியர் உளர். இம்மூவரையும் ஓரிடத்தில் அமர்த்தினால் அந்நூல் வெளிவருவது அரியதன்று. அதுவரையில் அப்பகுதிப் பிள்ளைகள் தம் குறிப்பேட்டைத் திறந்து, இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் கொரியமும் எழுதத் தொடங்கட்டும்; நடுவே மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டா.